நிலமறிந்து ஊர்தி கொள்ளல்

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். கோடையில் அது பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் களியாய்க் குழைந்து, மிதித்தவர் காலைப் பற்றிக்கொள்ளும். மாட்டு வண்டிகளே பெருவழக்காய் இருந்த முன்னாளில், திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வில்வண்டி பூட்டினர். பருத்திப் பொதி ஏற்றப் பாரவண்டி பூட்டினர். வில்வண்டி அழகியது, விரைவு மிக்கது. எனினும் மழைநாளில் அதனைக் கரிசற்காட்டில் இறக்குவார் எவரும் இலர். சேற்று வயலில் உழும் டிராக்டருக்கு இக்காலத்து உழவர் ‘கேஜ்வீல்’ எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டுதலை நீவிர் கண்டிருப்பீர். தார்ச்சாலையில் ஓடும் சக்கரம் சேற்றில் சுழன்று நிற்கும் என்பதனை அவர் அறிவர்.

நிலம் அறிந்து ஊர்தி கொள்ளல் வேண்டும் என்பது நம் முன்னோர்க்குப் புதியதன்று. திருக்குறளில் 50ஆம் அதிகாரம் ‘இடனறிதல்’ என்பது. தேருக்குரிய இடம் வேறு, நாவாய்க்குரிய இடம் வேறு என்பதனையும், அஞ்சாத களிறும் சேற்றில் கால் ஆழ்ந்தால் நரிக்கு இரையாகும் என்பதனையும் அங்கே காண்கிறோம். வலியறிதல் என்னும் அதிகாரத்திலோ, மெல்லிய மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றின் அச்சு முறியும் என்னும் உண்மை விளங்கக் கிடக்கிறது. இவ்வுண்மைகள் நம் மண்ணுக்கு மட்டும் உரியனவல்ல. வெண்பனி மூடிய தொலைநாட்டிற்கும் உரியன. அதனை இப்பாடத்தில் காண்போம்.

சிவகாசிப் பகுதியில் வாழும் நமக்குப் பனி என்பது மார்கழி வைகறையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. வெயிலும் வறட்சியும் மிக்கமையாலன்றோ தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றின! கனடா நாட்டின் வடபகுதியிலோ ஆண்டில் பாதிக்காலம் நிலமும் ஏரியும் வெண்பனியால் மூடப்பெற்றிருக்கும். பயிர்த்தொழிலுக்கு இடமில்லாத அந்நாட்டில் இன்யூட், கிரீ முதலிய பழங்குடி மக்கள் கரிபு மானையும் கடல்நாயையும் வேட்டையாடி உண்டனர். அடர்ந்த மென்மயிர்த் தோலுடைய சிறு விலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்து விற்றனர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. அங்கோ, அது பழங்குடியினரின் உணவும் உரிமையும் ஆகும். பொறிவைப்போன் காட்டில் பல கல் தொலைவுக்கு ஒரு தடம் வகுத்து, இடையிடையே பொறிகளை வைத்து, குறித்த நாட்களில் சென்று காண்பான். வீட்டிற்குத் திரும்பும் ஊர்தி பழுதாயின் அவன் உயிருக்கே இறுதி நேரும். ஆதலின் ஊர்தியைத் தேர்தல் அவனுக்கு வாழ்வும் சாவும் பற்றிய செய்தியாகும்.

வெண்பனி எங்கும் ஒரு தன்மைத்தன்று. மரம் அடர்ந்த காட்டில் காற்று புகாமையால் பனி பஞ்சுபோல் ஆழமாய்க் கிடக்கும். மரமற்ற வடகோடிச் சமவெளியிலோ, வன்காற்று மோதி மோதி அதனை இறுக்கித் தளமிட்டதுபோல் ஆக்கிவிடும். காட்டு மக்கள் தோபோகன் என்னும் இழுவண்டியைச் செய்தனர். அது முன்பக்கம் சுருண்டு வளைந்த மெல்லிய பலகையே. முழுப்பரப்பும் பனிமேல் படிந்து மிதக்கும். வடகோடி மக்கள் கோமதிக் என்னும் இழுவண்டியைச் செய்தனர். அதற்கு நீண்ட இரு சறுக்குக் கட்டைகள் உண்டு. அவற்றின் குறுக்கே வைக்கும் சட்டங்களை ஆணியால் அறையாமல் வாரால் பிணிப்பர். மேடுபள்ளத்தில் வண்டி முறியாமல் நெளிந்து கொடுத்தற்கே இவ்வாறு செய்தனர். இழுக்கும் நாய்களைக் காட்டினர் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பூட்டினர், மரங்களிடையே நுழைதற்பொருட்டு. வெளிநிலத்தார் விசிறிபோல் விரித்துப் பூட்டினர். மக்கள் குளிர்நாட்டார் என்பதில் ஒத்தவர். எனினும் நிலத்திற்கேற்ப ஊர்தி வேறுபட்டது.

இவ்வாறு நாய்களால் இழுக்கப்பட்ட ஊர்திக்கு மாற்றாய் எந்திரம் வந்த வரலாறு துயரில் தொடங்குவது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்னும் ஊரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியர். பனிமேல் ஓடும் வண்டி ஒன்றினை 1922ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதிலேயே அவர் செய்து பார்த்தார். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இளமகன் குடல்வால் நோயுற்றான். வழியெல்லாம் பனி மூடிக் கிடந்தமையால் மருத்துவமனை சேர்க்க இயலவில்லை, குழந்தை இறந்தது. பனிமேற் செல்லும் வண்டியைப் பல ஆண்டுகளாய் ஆய்ந்துவந்த தந்தை, அத்துயருக்குப் பின்னும் சோர்ந்திலர். பற்சக்கரத்தால் சுழலும் ரப்பர்ப் பட்டை ஒன்றினை அமைத்து, 1937ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரும் அவர்தம் பனியூர்தி மருத்துவர்க்கும் அஞ்சல் கொணர்வோர்க்கும் பயன்பட்டது. பிற்காலத்தில் எடை குறைந்த எஞ்சின்கள் கிடைத்தன. அவற்றைக்கொண்டு ஒருவர் இருவர் செல்லத்தக்க ‘ஸ்கீ-டூ’ என்னும் சிற்றூர்தியை 1959ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தார். வேட்டுவரும் பொறிவைப்போரும் அதனை விரைந்து ஏற்றனர்.

அவ்வூர்தி பனியில் ஆழாமைக்குக் காரணம் யாது? ஒரு கணக்கால் உணரலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவனுடைய இரு காலணிகளும் சேர்ந்து 400 சதுர சென்டிமீட்டர் நிலத்தைத் தொடுவதாகக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 150 கிராம் அழுத்தம் விழும். ஊர்தியும் அதன்மேல் இருப்பவனும் சேர்ந்து 375 கிலோ. பனியைத் தொடும் பட்டை 50 சென்டிமீட்டர் அகலமும் 150 சென்டிமீட்டர் நீளமும் உடையது. பரப்பு 7500 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 50 கிராமே! ஆறு மடங்குக்கு மேல் எடையுள்ளது, மனிதனைவிட மூன்றில் ஒரு பங்கே அழுத்துகிறது. பளு பரவினால் அழுத்தம் குறையும் என்பதே இதன் நுட்பம்.

ஆயினும் எல்லாப் பனியூர்தியும் எல்லார்க்கும் ஆகா. பந்தய ஊர்தி விரைவிற் சிறந்தது. பளுவை மெல்ல இழுத்துச் செல்லுதற்கு உதவாது. பொறிவைப்போன் நாடுவது அகன்று நீண்ட பட்டையும், மெல்லச் செல்கையில் மிக்க இழுவலியும் உடைய ஊர்தி. அது புதைந்தால் தானே தூக்கி எடுக்கத்தக்க எடையுடையதா என்றும் அவன் எண்ணுவான். உறைந்த ஏரியின்மேல் பனிக்கட்டிக்கும் வெண்பனிக்கும் இடையே சில இடங்களில் நீர் கசிந்து மறைந்திருக்கும். அதில் ஊர்தி சிக்கி நின்றால் பட்டையோடு பனி உறைந்து இறுகும். அந்நிலையில் எடை மிக்க ஊர்தி தனியனுக்குப் பகையே. நாய் ஆண்டு முழுதும் மீனும் ஊனும் வேண்டும். எந்திரம் கோடையில் ஒன்றும் வேண்டாது. எந்திரம் பெட்ரோல் தீர்ந்தால் நின்றுவிடும். நாயோ பனிப்புயலிலும் வழியறிந்து வீடு சேர்க்கும். இருபாலும் நன்மையும் குறையும் உள. ஆதலின் அறிவுடையோன் எந்திரத்தில் ஏறிச் செல்லும்போதும் பனியில் நடத்தற்குரிய அகன்ற காலணியை உடன்கொள்வான். மிகை எரிபொருளும், மாற்று உறுப்புகளும், நனையாமல் பொதிந்த தீப்பெட்டியும் கொள்வான். நம் சிவகாசித் தெருக்களில் எளிதாய்க் கிடக்கும் தீக்குச்சி ஒன்று, அங்கே ஓர் இரவில் ஓர் உயிரின் விலையாகும்.

இத்தகைய தேர்வில் நேர்ந்த பிழை எத்துணைத் துயர் விளைக்கும் என்பதனைத் தென்துருவப் பயண வரலாறு காட்டும். 1911ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அமுன்சென் என்பாரும், இங்கிலாந்து நாட்டு ஸ்காட் என்பாரும் துருவத்தை நாடினர். ஸ்காட் எந்திர இழுவண்டி, மட்டக்குதிரை, நாய் ஆகிய மூன்றையும் கொண்டு சென்றார். மூன்று எந்திர வண்டிகளுள் ஒன்று, கப்பலினின்று இறக்கும்போதே பனிக்கட்டி உடைந்து கடலில் ஆழ்ந்தது. ஏனைய இரண்டும் பயணத் தொடக்கத்திலேயே பழுதுற்றன. குதிரைகள் வெண்பனியில் கால் புதைந்து வருந்தின. இறுதியில் மனிதரே வண்டியை இழுத்தனர். அமுன்சென் வடகோடி மக்களிடம் கற்றறிந்தபடி நாய்களையே நம்பினார். நாய்கள் பலவற்றைக் கொன்று உணவாக்கிய கொடுமையும் அப்பயணத்தில் உண்டு. அதனை மறைத்தல் கூடாது. அவர் 1911 டிசம்பர் 14ஆம் நாள் துருவம் அடைந்து நலமே மீண்டார். ஸ்காட் 1912 ஜனவரி 17ஆம் நாள் அடைந்தார். மீளும் வழியில் அவரும் தோழர் நால்வரும் மாண்டனர். கடுங்குளிரும் உணவுக் குறையும் அச்சாவுக்குக் காரணங்களாம். ஊர்தி பொருந்தாமையும் அவற்றுடன் ஒன்று. ஐவரும் வீரத்தில் எவர்க்கும் தாழ்ந்தவரல்லர் என்பதே நம் நெஞ்சை உருக்குவது.

நம் நாட்டினரும் இன்று தென்துருவக் கண்டத்தில் ஆய்வு செய்கின்றனர். 1989ஆம் ஆண்டு முதல் இயங்கும் மைத்ரி நிலையத்தில் பட்டையால் ஊரும் பனியூர்திகள் பயன்படுகின்றன. நாளை உங்களுள் ஒருவர் அங்குச் செல்லுதலும் கூடும்.

மாணவர்களே! ஊர்தி ஒன்றினைத் தேரும்போது மூன்று வினாக்களை எழுப்புக. செல்லும் நிலம் எத்தகையது? ஏற்றும் சுமை எவ்வளவு? பழுதுற்றால் மீளும் வழி யாது? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே விரைவையும் பொலிவையும் நோக்குக. கல்வியும் தொழிலும் தேர்கையிலும் இம்மூன்று வினாக்களும் பொருந்தும். கரிசற்காட்டு வண்டியோட்டியும் வெண்பனிக்காட்டு வேட்டுவனும் ஒருவரை ஒருவர் கண்டறியார். எனினும் இருவர்க்கும் நிலமே ஆசான்.

வினாக்கள்

1. தோபோகன், கோமதிக் ஆகிய இரண்டும் அமைப்பில் வேறுபடக் காரணம் யாது?
2. எடை மிக்க பனியூர்தி, மனிதனைவிடக் குறைவாகப் பனியில் அழுந்துவது எங்ஙனம்? கணக்கிட்டுக் காட்டுக.
3. எந்திர ஊர்தியையும் நாய் இழுக்கும் ஊர்தியையும் ஒப்பிட்டு, இரண்டின் நன்மை குறைகளை எழுதுக.
4. ஸ்காட், அமுன்சென் ஆகியோரின் பயணங்களிலிருந்து நாம் கற்பன யாவை?
5. உங்கள் ஊர் நிலத்திற்கேற்ப மக்கள் தேர்ந்துகொண்ட ஊர்தி அல்லது கருவி ஒன்றைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.