மணிலா விற்ற பணம்: காசோலையா, கைப்பேசியா?

ஆடிப்பட்டத்து மணிலாவைப் பிடுங்கிக் காய வைத்து விற்றால், தீபத் திருநாளையொட்டிக் கையில் நாலு காசு இருக்கும் என்பது திருவண்ணாமலை வட்டார விவசாயிகளின் கணக்கு. அந்தப் பணத்தை இப்போது சில வியாபாரிகள் காசோலையாகத் தருகிறார்கள். சிலர் கைப்பேசி வழியே வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். எதை வாங்குவது? சரக்கை ரொக்கத்துக்கு விற்கிறீர்களா, தவணைக்கு விற்கிறீர்களா என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எடை போட்ட இடத்திலேயே பணம் என்றால் கைப்பேசி வழிதான் நல்லது. 2016-ல் வந்த யு.பி.ஐ. முறையில், ஞாயிறானாலும் பண்டிகையானாலும் சில நொடிகளில் பணம் சேர்ந்துவிடும். ஆனால் வியாபாரி தம் கைப்பேசியைக் காட்டி "போட்டாகிவிட்டது" என்றால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பொய்ப் படமும் பொய்க் குறுஞ்செய்தியும் தயாரிப்பது எளிது. உங்கள் கணக்கில் இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகே மூட்டையை வண்டியில் ஏற்ற விடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதைப் போடச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

"பத்து நாள் பொறுங்கள், அனுப்பிவிடுகிறேன்" என்று வியாபாரி சொன்னால் நிலைமை வேறு. அங்கே வாய்ச்சொல் தவிர உங்களிடம் ஒன்றுமில்லை. அப்போது, பழைய முறைதானே என்று ஒதுக்காமல், பத்தாம் நாள் தேதியிட்ட காசோலையைக் கேட்டு வாங்குங்கள். பெயரும் தொகையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். இடது மூலையில் இரண்டு கோடு போட்டுக் 'கணக்கில் மட்டும்' என்று எழுதச் சொன்னால், தொலைந்தாலும் பிறர் மாற்றுவது கடினம். காசோலையைப் பெட்டியில் வைத்து மறந்துவிடக் கூடாது. முன்பு ஆறு மாதம் வரை செல்லும். 2012 ஏப்ரல் முதல் அதில் உள்ள தேதியிலிருந்து மூன்றே மாதம்தான்.

பணமில்லை என்று காசோலை திரும்பி வந்தால், 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138-வது பிரிவு உங்களுக்குத் துணை. இந்தப் பிரிவு 1989 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதில் நாள் கணக்குத்தான் முக்கியம். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் கேட்டு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சில வியாபாரிகள் இழுத்தடிப்பது இந்த நாட்களைக் கடத்தத்தான். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வியாபாரி வெளியூர்க்காரர் என்று தயங்க வேண்டாம். 2015-ல் செய்த திருத்தத்தின்படி, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கு இலவச உதவி உண்டு. போகும்போது எடைச் சீட்டு, காசோலை, வங்கி கொடுத்த திருப்புச் சீட்டு, அறிவிப்பு அனுப்பிய தபால் ரசீது ஆகிய நான்கையும் கையோடு கொண்டு போகவும்.