கால்வாய்க்கா, சாலை விளக்குக்கா?

மலேசியாவில் வீடோ கடையோ வைத்திருப்போர் ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரி செலுத்துகின்றனர். முதல் அரையாண்டுக்குப் பிப்ரவரி மாத இறுதியும் இரண்டாம் அரையாண்டுக்கு ஆகஸ்டு மாத இறுதியும் கெடுவாகும். பேச்சு வழக்கில் இதனைச் ‘சுக்காய் பிந்து’, அதாவது கதவு வரி என்பர். நிலவரியையும் இதனையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். நிலவரி மாநில அரசுக்குச் சேரும். மதிப்பீட்டு வரியோ ஊராட்சி மன்றத்திற்கு உரியது.

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது? ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று பெரும்பாலான மாநிலங்களில் மதிப்பிடுவர். மாதம் 1,000 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய வரிசை வீட்டின் ஆண்டு மதிப்பு 12,000 ரிங்கிட். வரி விகிதம் 4 விழுக்காடு என வைத்துக்கொள்வோம். அவ்வீட்டுக்கு ஆண்டுக்கு 480 ரிங்கிட், அரையாண்டுக்கு 240 ரிங்கிட் வரி விதிக்கப்படும். ஜொகூரில் வாடகைக்குப் பதிலாகச் சொத்தின் விலைமதிப்பே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

அந்த 240 ரிங்கிட் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. மழை பெய்யும் போதெல்லாம் வாசலில் நீர் தேங்கும் வீட்டில் வாழும் மூதாட்டி ஒருவர் மன்ற முகப்பில் வந்து நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். “தம்பி, ஒரு தடவைகூட நான் வரி பாக்கி வைத்ததில்லை. என் வீட்டுக் கால்வாயை மட்டும் ஏன் யாரும் பார்ப்பதில்லை?” என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. ஆனால், அவர் செலுத்திய பணம் அவருடைய சந்துக்கென்று தனியே எடுத்துவைக்கப்படுவதில்லை. எல்லாருடைய வரியும் ஒரே நிதியில் சேர்கிறது. உரிமக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் போன்றவையும் அதில் கலக்கின்றன. கால்வாய், சாலை விளக்கு, பூங்கா, சந்தை, பொது மண்டபம், கொசு ஒழிப்பு, பணியாளர் சம்பளம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே நிதியை நம்பியிருக்கின்றன. பக்கத்துக் குடியிருப்பின் இருண்ட சாலைக்கு விளக்குப் போட்டால், மூதாட்டியின் கால்வாய் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகலாம்.

குப்பை அகற்றுவதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் போன்ற மாநிலங்களில் 2011 செப்டம்பர் முதல் அப்பணி கூட்டரசின் பொறுப்பில் உள்ளது. பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம் ஆகியவையும் கூட்டரசைச் சார்ந்தவையே. பெரிய சாலைகளில் பல பொதுப்பணித் துறையின் பராமரிப்பில் உள்ளன. எனவே, சாலையில் குழி விழுந்தால் அது யாருடைய சாலை என்பதை முதலில் கண்டறிய வேண்டும்!

மூதாட்டிக்கு வழியே இல்லையா? உண்டு. நீர் தேங்கிய படங்களுடன் எழுத்துவழி புகார் அளிக்கலாம். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, ஆண்டு வரவு செலவுத் திட்டம் முடிவாகும் முன்னரே தம் பகுதி மன்ற உறுப்பினரைச் சந்திக்கலாம். திட்டம் முடிவான பிறகு கேட்டால், அடுத்த ஆண்டுவரை காத்திருக்குமாறு கூறிவிடுவர்.