ஐயமும் திரிவும்

அறிவைக் கெடுக்கும் குற்றங்களுள் ஐயம், திரிவு என்னும் இரண்டை நம் முன்னோர் பிரித்துக் காட்டினர். மாலையிருளில் தொலைவிலே நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணிய மாட்டாது மயங்குதல் ஐயம். வழியிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்றே துணிந்து அஞ்சுதல் திரிவு. இவ்விரண்டனுள் திரிவே கொடிது. ஐயுற்றவன் மேலும் ஆராய்வான். திரிவுற்றவனோ ஆராய்ச்சியை விடுத்துக் கோலை எடுப்பான். இரு நாட்டுப் படைகள் எதிரெதிரே நிற்கும் எல்லையில் இத்தகைய திரிவு நேருமாயின் அதன் விளைவு யாதாகும்?

லடாக்கில், கடல் மட்டத்திற்கு 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பாங்காங் என்னும் ஏரி உள்ளது. 1962-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போர் நிகழ்ந்த இடங்களுள் அதன் கரையும் ஒன்று. அப்பகுதியில் காவல் புரிந்த நம் வீரர்கள், 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, வானத்தில் இனம் விளங்காத ஒளிப்பொருள்களை 329 முறை கண்டு குறித்தனர். அவற்றுள் 155 முறை அவை எல்லை கடந்து வந்ததாகவும் கணக்கிடப்பட்டது. சீனர் ஏவிய ஆளில்லா வேவு விமானங்களோ அவை என்னும் எண்ணம் வலுத்தது.

படைத்துறையினர் அவ்வெண்ணத்தையே முடிவாகக் கொண்டிலர். இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரை வினவினர். அந்நிறுவனம் பெங்களூரில் உள்ளது. திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் மலைமேல் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுக் கதிரவனை ஆராய்ந்துவரும் ஆய்வுக்கூடமும் அதனைச் சேர்ந்ததே. அறிஞர்கள், ஒளிகள் தோன்றிய நேரத்தையும் திசையையும் உயரத்தையும் கோள்களின் நிலையோடு ஒப்பிட்டு நோக்கினர். வேவு விமானங்கள் என ஐயுறப்பட்டவற்றுள் ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி! அவ்வாண்டு டிசம்பரில் வியாழன் கதிரவனுக்கு நேரெதிரே நின்றமையால் மாலையிலேயே கீழ்வானில் எழுந்தது. வெள்ளியோ வைகறையில் விடிவெள்ளியாய் விளங்கியது. உயர்ந்த மலைநாட்டில் காற்று மெலிந்து தூசியின்றி இருத்தலின், கோள்கள் அங்கே பேரொளியுடன் தோன்றுதல் இயல்பு.

2013 ஜூலையில் இச்செய்தி வெளிவந்தபோது நகைத்தோர் பலர். நகைத்தற்கு இதில் யாதும் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில், அதே லடாக்கில் தெப்சாங் என்னும் இடத்தில், இரு நாட்டுப் படையினரும் ஏறத்தாழ மூன்று வாரம் எதிரெதிரே கூடாரம் அடித்து நின்றனர். அத்தகைய காலத்தில் ஐயம் திரிவாக முதிர்ந்திருப்பின் தீங்கு பெரிதாகியிருக்கும். தாம் அறியாததை அறிந்தாரிடம் வினவியமையே அதனைத் தவிர்த்தது.

அங்ஙனமாயின் சீனரின் வேவு விமானங்கள் வெறுங் கற்பனையோ எனின், அன்று. அவை உண்மையில் உள்ளன. அவற்றைப் பற்றிச் சீன அரசு வெளியிடும் செய்தி மிகச் சிலவே ஆதலின், கிடைக்கும் சில படங்களைக் கொண்டே பிறர் அவற்றை இனங்காண வேண்டியிருக்கின்றது.

அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையைப் பாருங்கள். ஆடு பிறந்த நாளை யாரும் எழுதி வைப்பதில்லை. வாங்குவோர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவர். எங்கே நோக்கவேண்டும் என்பதை அவர் அறிவர். விமானத்தை இனங்காணும் முறையும் இத்தகையதே.

ஊசென்-7 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்னிறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்துள்ளன. வாற்பகுதியினின்று எழும் பின்னிறக்கைகள் முன்னோக்கி வந்து அவற்றோடு கூடுகின்றன. மேலிருந்து நோக்கினால் இறக்கைகள் நான்கும் சேர்ந்து சாய்சதுரம்போல் தோன்றும். இத்தகைய வடிவம் பிற விமானங்களில் அரிது. ஆதலின், திபெத்திலுள்ள சிகாட்சே விமானத் தளத்தைச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களில் இதனை அடையாளங்காண முடிந்தது.

மற்றொன்று ஊசென்-8. 2019 அக்டோபர் 1-ஆம் நாள் பீக்கிங் நகரில் நிகழ்ந்த அணிவகுப்பில் அது உலகிற்குக் காட்டப்பட்டது. அதன் உடலில் காற்றை உள்ளிழுக்கும் வாய் இல்லை; பின்புறத்தில் இரண்டு ஊதுகுழல்கள் இருந்தன. வெளிக்காற்றின்றி எரியும் பொறி ராக்கெட்டே அன்றோ? ஆகவே அது ராக்கெட்டால் இயங்குவது என அறிஞர் கருதியறிந்தனர். அதன் முதுகிலே கொளுவிகள் அமைந்திருந்தன. அவற்றைக் கொண்டு, பெரிய விமானம் ஒன்று அதனைச் சுமந்து சென்று வானிலே விடுவது என்பதையும் உணர்ந்தனர். புகையைக் கண்டு நெருப்பு உண்மையை அறிவது போன்றதே இது.

எனினும் படத்தின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. வாணிக முறையில் கிடைக்கும் நுண்ணிய செயற்கைக்கோள் படத்திலும் ஒரு புள்ளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடத்தைக் குறிக்கும். இறக்கையின் நீளத்தை அதனால் அளக்கலாம். உள்ளே உள்ள கருவி யாது என்று கூற இயலாது. நிற்பது மெய்யான விமானமோ, ஏமாற்ற வைத்த பொம்மையோ என்பதும் ஒரு படத்தால் மட்டும் விளங்காது. அது நிற்கும் இடம் தெரியும். அனுப்பியவர் நோக்கம் தெரியாது.

மாணவர்களே! இன்று போர்க்காலப் படம் என்று ஏதேனும் ஒன்று நாள்தோறும் கைப்பேசியில் வந்து சேர்கின்றது. அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் மூன்றைப் பிரித்துப் பாருங்கள்: கண்ணாற் கண்டது எது? கண்டதைக்கொண்டு கருதியது எது? பிறர் சொல்லக் கேட்டது எது? கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் உரைப்பவன் பிழைபடுதல் அரிது. தெரியாதவிடத்துத் தெரியாது என்று கூறுதல் இழிவன்று. அஃது அறிவின் தொடக்கமாகும். பாங்காங் ஏரிக்கரையில் நம் வீரர் வினவிய வினா, விண்ணில் நிகழாத ஒரு படையெடுப்பை நிகழாததாகவே காட்டிற்று.

வினாக்கள்

1. ஐயத்தினும் திரிவு கொடிது என்பது ஏன்?
2. ஊசென்-8 ராக்கெட்டால் இயங்குவது என எவ்வாறு கருதியறிந்தனர்?
3. செயற்கைக்கோள் படத்தால் அறியத்தக்கன யாவை? அறியவொண்ணாதன யாவை?