காத்திருக்கும் பந்தி

திருவிருந்தில் முதன்முறையாகப் பங்குபெற ஆயத்தமாகும் அன்புத் தம்பிக்கு,

எபிரெயர் நிருபம் இயேசுவை விசுவாசத்தின் முன்னோடியாகக் காட்டும்போது, அவரை எட்ட நின்று வணங்கப்படுபவராக மட்டும் நிறுத்திவிடாமல், பின்வருவோர் நடக்கவேண்டிய பாதையில் தாமே முதலில் நடந்து அதன் முடிவுவரை சென்றவராக வைக்கிறது. அந்நிருபத்தின் வாசகர்கள் விசுவாசத்தின் பொருட்டு உடைமைகளை இழந்தவர்கள். சிலர் சபை கூடிவருதலையே விட்டிருந்தனர். அவர்களுக்கு எழுதியவர் (பவுல் என்னும் பழைய மரபை இன்றைய ஆய்வாளருள் பெரும்பாலோர் ஏற்பதில்லை) இயேசு நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டதை நினைவூட்டி, பாளயத்துக்கு வெளியே, அதாவது மதிப்பும் பாதுகாப்பும் தரும் வட்டத்துக்கு அப்பால், அவரிடம் போக அழைக்கிறார். மூன்று வசனங்கள் தள்ளி, உள்ளதைப் பகிர்ந்துகொள்ள மறக்கலாகாது என்கிறார். வெளியே தள்ளப்பட்டவரைப் பின்பற்றுவோர் தங்கள் பந்தியிலிருந்து பிறரை வெளியே தள்ளுவது எப்படிப் பொருந்தும்?

இராப்போஜனம் என்றும் கத்தோலிக்கர் வழக்கில் நற்கருணை என்றும் வழங்கும் திருவிருந்து, இயேசு தம் மரணத்துக்கு முந்தின இரவில் சீடரோடு அப்பமும் பாத்திரமும் பகிர்ந்ததை நினைவுகூரும் வழிபாடாகும். அதைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று கி.பி. 55ஐ ஒட்டிக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் உள்ளது. அது ஒரு கண்டனத்தின் நடுவே வருவது பலர் கவனிக்காத செய்தி. அக்காலத்தில் திருவிருந்து முழு உணவோடு சேர்ந்தே நடந்தது. வசதி படைத்தோர் தங்கள் உணவை முந்தி உண்டு வெறிகொள்ள, இல்லாதோர் பசியோடு இருந்தனர். செல்வர் வீட்டு விருந்தறையில் ஏறத்தாழ ஒன்பது பேரே சாய்ந்து உண்ண முடியும் என்பதால், உழைத்துக் களைத்துத் தாமதமாக வந்த ஏழைகளும் அடிமைகளும் முற்றத்தில் நின்றிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் ஊகம். அப்படி உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்று தீர்த்துச் சொல்லும் பவுல், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி கட்டளையிடுகிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர் அப்பத்தைக் கொண்டுசென்றதையும், காணிக்கை விதவைகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் பயன்பட்டதையும் குறிக்கிறார்.

கொரிந்தின் நோய் தமிழ்ச் சபைகளுக்கும் அந்நியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல சபைகளில் சாதிப்படி தனித்தனியாக அமர்ந்ததோடு, திருவிருந்தையும் சாதி வரிசையில் பெற்றனர். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றுக்கடிதம் எழுதி இதை ஒழிக்கக் கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடும் எதிர்ப்பு எழுந்து, பலர் சபையைவிட்டே விலகினர். சாதிமறுப்பை அயல்நாட்டார் புகுத்திய புதுமை என்று ஒதுக்கிவிட முடியாது. பந்தியில் பிரிவினை செய்வோரை அச்சுற்றுக்கடிதத்துக்கு ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே பவுல் கண்டித்திருந்தார். ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டு, கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி பார்ப்பது அதே கண்டனத்துக்கு உரியதே.

ஆலய ஆராதனையில் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் பெரும்பாலும் 23ஆம் வசனத்திலிருந்தே வாசிக்கப்படுகிறது. பந்திக்குப் போகுமுன் அதை 17ஆம் வசனத்திலிருந்து 34ஆம் வசனம்வரை ஒருமுறை முழுமையாக வாசித்துவிடவும்.

அன்புடன்,
மூத்த சகோதரன்