கலன் இரண்டு, லீற்றர் ஒன்று

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகைப்படுத்தினர் நம் முன்னோர். நாழி, பதக்கு, தூணி, கலம் என்பன முகத்தலளவைப் பெயர்கள். இவற்றுள் பதக்கும் தூணியும் தொல்காப்பியத்திலேயே காணப்படுவன. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு வழங்கத் தலைப்பட்ட ‘கலன்’ பிறமொழி அளவை. நம் ‘கலம்’ என்பதோடு ஒலியால் ஒத்தலின், இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

அக்கலனும் பெயரால் ஒன்று, அளவால் இரண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன் அரசியார் காலத்தில், இங்கிலாந்து தன் திராட்சமதுக் கலனை 231 கன அங்குலமென வரையறுத்தது. சுதந்திரம் பெற்ற அமெரிக்கர் அதனையே கைக்கொண்டனர். பிரித்தானியரோ 1824இல் பழைய கலன்களை நீக்கி, 10 இறாத்தல் நீர் கொள்ளும் புதுக் கலனை வகுத்தனர். இதன்படி பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர்; அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். கலனுக்கு எட்டுப் பைந்து என்பது இரு நாட்டாருக்கும் பொது. ஆயின் பிரித்தானியப் பைந்து 20 அவுன்சும் அமெரிக்கப் பைந்து 16 அவுன்சும் உடையன. அவ்வவுன்சுகளும் தம்முள் சிறிது வேறுபடுவன.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சுருவில் முதலிய தீவக ஊர்களில் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகவே தங்குகிறது. ஆதலின் நல்ல கிணறு அரும்பொருள். மாரிவெள்ளம் புகுந்து அது மாசுற்றால் குளோரின் இடுவர். எவ்வளவு இடுவது என்பது கிணற்று நீரின் அளவைப் பொறுத்தது.

கிணற்றின் விட்டம் 10 அடி, நீரின் ஆழம் 6 அடி எனக் கொள்க. விட்டத்தை விட்டத்தாலும், பின்னர் ஆழத்தாலும் பெருக்க 600 வரும். அதனை 4.9ஆல் பெருக்கினால் 2,940 பிரித்தானியக் கலன்; 5.9ஆல் பெருக்கினால் 3,540 அமெரிக்கக் கலன். நீர் ஒன்றே, எண்ணே வேறு.

அமெரிக்க நூலிற் கண்ட 5.9ஆல் பெருக்கி, விடையைப் பிரித்தானியக் கலனெனக் கருதி மருந்திட்டால், அளவு ஐந்திலொரு பங்கு மிகும். மறுதலையாக, அமெரிக்கக் கலனுக்குக் கூறிய மருந்தைப் பிரித்தானியக் கலன் கணக்கில் இட்டால் ஆறிலொரு பங்கு குறையும். நோய்க் கிருமி எஞ்சவும் கூடும்.

இவ்விடரை நீக்குவது மெற்றிக் முறை. பிரான்சில் 1795இல் தோன்றிய லீற்றர் இன்று எந்நாட்டிலும் ஒரே அளவினது. ஒரு கன மீற்றர் 1,000 லீற்றர். ஒரு லீற்றர் நீரின் நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். மேற்கூறிய கிணற்றை மீற்றரில் அளந்தால் விட்டம் 3.05, ஆழம் 1.83. முன்போலப் பெருக்கி, வந்ததை 785ஆல் பெருக்க, ஏறக்குறைய 13,360 லீற்றர் கிடைக்கும். இத்தொகையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறினால் மருந்தின் அளவை அவர் ஐயமின்றிக் கணிப்பார்.

இலங்கை மெற்றிக் முறைக்கு மாறிப் பல்லாண்டுகள் கழிந்தும், பழைய நூல்களிலும் இறக்குமதிப் பொறிகளிலும் கலன் இன்னும் நம் கண்ணிற்படுகிறது. படும்போது, “எந்நாட்டுக் கலன்?” என வினவி, லீற்றராக மாற்றிய பின்னரே கணக்கைத் தொடங்குக. நம் கல்லூரி மாணவர் பல நாடுகளிற் பரந்து வாழும் இக்காலத்தில், அலகு கூறாத எண் அரைக் கணக்கே என்பதை அவர்தம் பிள்ளைகளும் அறிதல் வேண்டும்.