ஒரு பாதை, இரு பயன்: பாதுகாப்புக் கட்டுமானங்களில் பொறியியல் வடிவமைப்பு
(ரோதாங் சுரங்கப்பாதை பற்றிய ஆய்வு)

நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அமைக்கப்படும் சாலைகளும், பாலங்களும், விமான தளங்களும் படைவீரர்களுக்கு மட்டுமே பயன்படுவன என்று எண்ணுவது பொருந்தாது. எல்லைப்புறத்தில் இராணுவ வண்டி செல்லும் சாலையிலேதான் பள்ளி மாணவனும், நோயாளியும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லும் உழவனும் செல்கின்றனர். லே, ஸ்ரீநகர், சண்டிகர், புணே ஆகிய இடங்களில் விமானப் படைத் தளங்களை ஒட்டியே பயணிகளுக்கான முனையங்கள் இயங்குகின்றன. எனவே, இத்தகைய கட்டுமானங்களுக்கான வடிவமைப்புப் பணி இரு தரப்பினரின் தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற வேண்டியதாகிறது. இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே இடர்ப்படுகிறது என்பதை ஹிமாசலப் பிரதேசத்தில் உள்ள ரோதாங் சுரங்கப்பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவில் பொதுப்பணியும் இராணுவப் பொறியியலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 1854 ஆம் ஆண்டில் டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் பொதுப்பணித் துறை தனியாக அமைக்கப்படும் வரை, சாலை, கால்வாய் முதலிய பணிகள் இராணுவ வாரியத்தின் பொறுப்பிலேயே இருந்தன. கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைகளைக் கட்டிய ஆர்தர் காட்டன் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். 1895 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரியாறு அணையை அமைத்த பென்னிகுவிக்கும் இராணுவப் பொறியாளரே. போர்க்களத்திற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் பாசனத்திற்காக உழைத்தனர்.

இன்று இப்பணிகள் பல அமைப்புகளிடையே பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. 1923 ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட இராணுவப் பொறியியல் பணித்துறை, முப்படைகளுக்கும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்களுக்கும் வேண்டிய குடியிருப்புகள், மருத்துவமனைகள், ஓடுபாதைகள், குடிநீர் மற்றும் மின் வசதிகள் ஆகியவற்றை அமைத்துப் பராமரிக்கிறது. எல்லைச் சாலை அமைப்பு 1960 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள் நிறுவப்பட்டது. இராணுவப் பொறியாளர்களும், பொதுச் சேமப் பொறியாளர் படை எனும் சிவில் பணியாளர் அணியும் இதில் இணைந்து பணியாற்றுகின்றனர்.

தேவையை வரையறுத்தல்

எந்தத் திட்டத்திற்கும் முதற்படி, தேவையைத் தெளிவாக வரையறுப்பதாகும். கட்டடம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், அது எதைத் தாங்க வேண்டும், எவ்வளவு காலம் இயங்க வேண்டும், பழுதுபட்டால் என்ன நேரும் என்ற வினாக்களே முக்கியமானவை.

பாலங்களை எடுத்துக்கொள்வோம். நமது சாலைப் பாலங்களுக்கான பளு விதிகளை இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ளது. அவ்விதிகளில் எழுபது டன் எடையுள்ள சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று கணக்கில் கொள்ளப்படுகிறது. சாதாரணப் பேருந்தோ சரக்கு லாரியோ சங்கிலிச் சக்கரத்தில் ஓடுவதில்லை. இக்கணக்கு இராணுவ வண்டிகளின் வகைப்பாட்டிலிருந்து வந்ததாகும். ஆகவே, நாட்டின் முக்கியச் சாலைப் பாலங்கள் பலவற்றின் கணக்கில் பாதுகாப்புத் தேவை முன்கூட்டியே அடங்கியுள்ளது எனலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. படைகளின் விரைவான நகர்வுக்கென உருவாக்கப்பட்ட பெய்லி பாலம் பேரிடர்க் காலத்தில் மக்களுக்குத் துணை நிற்கிறது. 2024 ஆம் ஆண்டு வயநாட்டு நிலச்சரிவின்போது, சூரல்மலையில் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை இராணுவத்தின் சென்னைப் பொறியாளர் பிரிவு அமைத்தது. மண்வெட்டும் இயந்திரங்களும் மருத்துவ ஊர்திகளும் அதன் வழியாகவே மறுகரையை அடைந்தன.

ரோதாங்: சிக்கலின் தன்மை

மணாலிக்கு வடக்கே பீர்பாஞ்சால் மலைத்தொடரில் 3,978 மீட்டர் உயரத்தில் ரோதாங் கணவாய் அமைந்துள்ளது. இதற்குத் தெற்கே பியாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கும், வடக்கே சந்திரா ஆறு பாயும் லாஹௌல் பகுதியும் உள்ளன. மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலை இக்கணவாயைக் கடந்தே சென்றது. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பனி மூடிக் கணவாய் அடைபட்டுவிடும்.

இராணுவத்தின் நோக்கில் இது ஒரு வழங்கல் சிக்கல். குளிர்காலத்திற்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும் கோடையிலேயே கொண்டு சேர்த்தாக வேண்டும். லாஹௌல் மக்களின் நோக்கிலோ இது உயிர்ச் சிக்கல். மாவட்டத் தலைநகரான கேலாங்கில் ஒருவர் கடும் நோயுற்றால், வானிலை இடம் கொடுத்து ஹெலிகாப்டர் வந்தாலன்றி அவரை வெளியே கொண்டுசெல்ல வழியில்லை. பனிமூடிய கணவாயைக் கால்நடையாகக் கடக்கத் துணிந்தவர்களும் உண்டு. அவர்களைக் காக்கவென்றே கணவாயின் இருபுறமும் மர்ஹியிலும் கோக்சரிலும் மீட்பு நிலையங்கள் நிறுவப்பட்டிருந்தன. நிதி ஒதுக்கீட்டுக் குறிப்பில் ‘போர்த்திற முக்கியத்துவம்’ என்ற தொடர் முதலிடம் பெறலாம். எனினும் இத்திட்டத்தின் பயனை அளக்கும்போது மீட்பு நிலையங்களையும் மறத்தலாகாது.

வடிவமைப்பின் கூறுகள்

சுரங்கப்பாதை அமைக்கும் முடிவு 2000 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் நாள் எடுக்கப்பட்டது. தெற்கு முகப்புக்கான அணுகுசாலைக்கு 2002 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. எல்லைச் சாலை அமைப்பு பணியை ஏற்றது. ஆஸ்திரேலிய நாட்டு எஸ்.எம்.இ.சி. நிறுவனம் வடிவமைப்பு ஆலோசனை வழங்கியது. அந்நாட்டின் ஸ்நோயி மலைப் புனல்மின் திட்டத்தில் பெற்ற பட்டறிவைக் கொண்டு உருவான நிறுவனம் அது. மின்சாரத்திற்காக மலையைக் குடைந்து பெற்ற திறன், பிறிதொரு நாட்டின் எல்லைச் சாலைக்குப் பயன்பட்டது குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரிய நிறுவனமான ஸ்ட்ராபாக்கும் இந்திய நிறுவனமான ஆஃப்கான்சும் கூட்டாகக் கட்டுமானத்தை மேற்கொண்டன.

சுரங்கப்பாதையின் நீளம் 9.02 கிலோமீட்டர். தெற்கு முகப்பு 3,060 மீட்டர் உயரத்திலும், வடக்கு முகப்பு 3,071 மீட்டர் உயரத்திலும் உள்ளன. குதிரைலாட வடிவில், ஒரே குழாயில் இருவழிச் சாலையாக இது அமைந்துள்ளது. சாலையின் அகலம் 8 மீட்டர்; தலைக்கு மேலுள்ள இடைவெளி 5.525 மீட்டர். நாளொன்றுக்கு 3,000 கார்களும் 1,500 லாரிகளும், மணிக்கு 80 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் செல்ல ஏற்றவாறு இது வடிவமைக்கப்பட்டுள்ளது.

இரட்டைக் குழாய்ச் சுரங்கங்களில் ஒன்றில் தீப்பிடித்தால் மற்றொன்றின் வழியாகத் தப்பலாம். ஒற்றைக் குழாயில் அவ்வசதி இல்லை. இக்குறையை ஈடுசெய்ய, சாலைத் தளத்திற்குக் கீழே 3.6 மீட்டர் அகலமும் 2.25 மீட்டர் உயரமும் கொண்ட தீத்தாங்கும் வெளியேற்றப் பாதை ஒன்று பிரதான சுரங்கத்தினுள்ளேயே அமைக்கப்பட்டது. 500 மீட்டருக்கு ஓர் அவசர வழி, 150 மீட்டருக்கு ஒரு தொலைபேசி, 60 மீட்டருக்கு ஒரு தீயணைப்பு நீர்க்குழாய், 2.2 கிலோமீட்டருக்கு ஒரு வண்டி திருப்புமிடம் எனப் பாதுகாப்பு ஏற்பாடுகள் அமைந்துள்ளன. காற்றின் தூய்மையைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை கருவிகள் அளக்கின்றன. ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் எஞ்சின்களின் எரிதல் முழுமையடையாமல் புகை மிகுதியாவதால், காற்றோட்ட ஏற்பாடு இங்குத் தனிக் கவனம் பெறுகிறது.

சேரி நாலா தந்த பாடம்

சுரங்கத்திற்கு 2010 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டு, குடையும் பணி இரு முனைகளிலிருந்தும் நடந்தது. எனினும், குளிர்காலத்தில் கணவாய் மூடப்பட்டதும் வடக்கு முனைக்கு ஆட்களும் பொருள்களும் செல்ல இயலவில்லை. எந்தத் தடையை நீக்கச் சுரங்கம் தேவைப்பட்டதோ, அதே தடை சுரங்கப் பணியையும் முடக்கியது.

இதனினும் பெரிய இடர், சேரி நாலா என்ற ஓடைக்கு அடியில் நேர்ந்தது. அங்கு 587 மீட்டர் நீளத்திற்குப் பாறை நொறுங்கிய பிளவு மண்டலம் குறுக்கிட்டது. நீரும் சேறும் கற்களும் சுரங்கத்தினுள் பெருக்கெடுத்தன. உறுதியான பாறையில் வெடிவைத்து விரைந்து முன்னேறிய முறை இங்குப் பயன்படவில்லை. முதலில் துளையிட்டு நீரை வடித்தனர். பின்னர் எஃகுக் குழாய்களை முன்னோக்கிச் செலுத்திக் குடைபோன்ற கூரை அமைத்தனர். சிமெண்டுக் கலவையைப் பிளவுகளில் உட்செலுத்தி மண்ணை இறுக்கினர். இவ்வளவுக்கும் பிறகே சிறிது சிறிதாகத் தோண்டி, உடனுக்குடன் தாங்கு சட்டங்களைப் பொருத்தினர். 2015 இல் முடியும் என முதலில் எதிர்பார்க்கப்பட்ட திட்டம் பல ஆண்டுகள் பிந்தியதற்கு இப்பகுதி முதன்மையான காரணமாயிற்று. இரு முனைகளும் 2017 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் சந்தித்தன.

இங்குக் கையாளப்பட்ட புதிய ஆஸ்திரியச் சுரங்க முறை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. இம்முறையில் வடிவமைப்பு வரைபடத்தோடு முடிந்துவிடுவதில்லை. தோண்டிய சுவர் எவ்வளவு அசைகிறது என்பதை நாள்தோறும் அளந்து, அதற்கேற்பத் தெளிகாங்கிரீட்டின் கனத்தையும் பாறைத் திருகாணிகளின் எண்ணிக்கையையும் மாற்றுகின்றனர். மலையின் பல நூறு மீட்டர் ஆழத்தில் உள்ளதை மேற்பரப்பிலிருந்து முழுமையாக அறிய இயலாது. ஆதலால், திருத்திக்கொள்ள இடமளிக்கும் வடிவமைப்பே சிறந்த வடிவமைப்பாகும். திட்ட மதிப்பீடும் ஒப்பந்தமும் அதற்கு இடம் தராவிடில், களப்பொறியாளர் விதிக்கும் உண்மைக்கும் இடையே சிக்கிக்கொள்வார்.

பயனும் எல்லையும்

அடல் சுரங்கப்பாதை என்று 2019 இல் பெயரிடப்பட்ட இப்பாதை, 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 3 ஆம் நாள் திறக்கப்பட்டது. மணாலிக்கும் லே நகருக்கும் இடையிலான தொலைவு 46 கிலோமீட்டர் குறைந்தது. பயண நேரம் நான்கு முதல் ஐந்து மணி வரை மிச்சமாயிற்று. லாஹௌல் மக்கள் குளிர்காலத்திலும் மணாலியின் மருத்துவமனையையும் சந்தையையும் அடையும் நிலை பிறந்தது.

ஆயினும், பயனை மிகைப்படுத்துதல் கூடாது. லே செல்லும் சாலையில் பாரலாச்சா, தங்லங் போன்ற இன்னும் உயரமான கணவாய்கள் உள்ளன. எனவே, இந்த ஒரு சுரங்கத்தால் மட்டும் லே நகருக்கு ஆண்டு முழுவதும் வழி கிடைத்துவிடவில்லை. பதும் வழியாகச் செல்லும் மாற்றுச் சாலையில், ஷிங்குன் கணவாய்க்கு அடியில் 4.1 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைக்கும் பணி 2024 ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்டதன் நோக்கம் இதுவே. மேலும், தெற்கு முகப்பை அடையும் சாலையில் பனிச்சரிவு அபாயம் உண்டு. பனித்தடுப்புக் கூடங்கள் இல்லையேல் சுரங்கத்தின் வாயில் திறந்திருந்தும் பயனில்லை. பாதை எளிதானதும் சுற்றுலா வண்டிகள் பெருகின; குறுகிய பள்ளத்தாக்கில் குப்பையும் நெரிசலும் புதிய சிக்கல்களாயின. இவற்றிற்கான ஏற்பாடும் வடிவமைப்பின் பகுதியே என்பதைத் திட்டமிடுவோர் உணர்தல் வேண்டும்.

முடிவுரை

ரோதாங் பட்டறிவிலிருந்து மூன்று பாடங்கள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நிலவியல் ஆய்வில் மிச்சப்படுத்தும் பணமும் காலமும் பின்னர்க் கட்டுமானத்தில் பன்மடங்காகச் செலவாகின்றன. இரண்டாவதாக, பாதுகாப்புத் தேவையையும் மக்கள் தேவையையும் தொடக்கத்திலேயே ஒருசேரக் கணக்கிட்டால் ஒரே முதலீடு இரட்டைப் பயன் தருகிறது. மூன்றாவதாக, சுரங்கமோ பாலமோ தனித்து நின்று பயன் தருவதில்லை. அணுகுசாலையும், பராமரிப்பும், அதை இயக்கும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் சேர்ந்தே அது வசதியாகிறது.

சுரங்கம் திறக்கப்படுவதற்குச் சுமார் ஓராண்டு முன்பே, 2019 நவம்பரில், லாஹௌல் மக்களுக்கென அரசுப் பேருந்து ஒன்று அதன் வழியே இயக்கப்பட்டது. அப்போது பணிகள் முழுமையடைந்திருக்கவில்லை. எனினும், பனி விழத் தொடங்கிய பிறகு கணவாயின் மறுபுறம் செல்வது அம்மக்களுக்கு இயல்வதாயிற்று. பொறியியல் பணியின் வெற்றியை அளக்கப் பளுவும், நீளமும், செலவும் மட்டும் போதா. யாருக்கு எந்த வாயில் திறந்தது என்பதும் அளவுகோலாக வேண்டும்.