வரப்போரத்தில் ஆவாரை வளர்த்தல்

நமது புன்செய்ப் பிரதேசங்களில் ஆவாரையை அறியாத குடியானவர் இல்லை. செம்மண் மேட்டிலும், சரளைத் தரிசிலும், பாதையோரத்திலும் தானே முளைத்து, கடுங்கோடையிலும் பசுமை மாறாது மஞ்சட்பூவுடன் நிற்கும் குறுஞ்செடி இது. தானே வளர்வதாலேயே இதை ஒருவரும் பயிராக மதிப்பதில்லை. தழைக்காக வெட்டுவோர் உண்டு. பட்டைக்காக உரிப்போர் உண்டு. விதைப்போர் மாத்திரம் அரிது. எடுப்பது மட்டுமே நிகழ்ந்தால் எச்செடியும் ஒருநாள் அற்றுப்போகும்.

பயன்கள்: ஆவாரந்தழை நெல் வயலுக்கு, விசேஷமாகக் களர் நிலத்திற்கு, நல்ல உரமாகும். வேர் வரப்பு மண்ணை அரித்துப் போகாமல் பற்றிக்கொள்ளும். கால்நடைகள் இதை விரும்பி மேய்வதில்லை. ஆதலால் வேலியோரத்திற்கு ஏற்றது. பட்டையில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் நெடுங்காலம் தோல் பதனிட இதுவே உதவிற்று. 1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில், இராணுவப் பாதரட்சைகளுக்குத் தோல் மிகுதியாக வேண்டியிருந்தபோது, பட்டையின் தேவையும் பெருகிற்று. பின்னர் வாட்டில் பட்டை பெரும்பாலும் அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும் தழையின் தேவை குறையவில்லை.

விதை: பழுப்பு நிறமாக முற்றிய காய்களைப் பறித்து உலர்த்தி விதை எடுக்கவேண்டும். விதைத்தோல் மிகக் கடினமானது. அப்படியே விதைத்தால் பல விதைகள் நீரை ஏற்காது மண்ணில் கிடக்கும். முளைக்கவில்லை என்று கைவிடுவதற்கு இதுவே காரணம். ஆகையால் கொதித்து இறக்கிய வெந்நீரில் விதையைப் போட்டு, அது ஆறிய பின்னும் ஓர் இரவு ஊறவிடுக. பருமணலுடன் சேர்த்துத் தேய்ப்பதும் பலன் தரும்.

விதைப்பு: புரட்டாசி மழையை ஒட்டி, வரப்பின் வெளிச்சரிவிலோ கொல்லை வேலியோரத்திலோ 3 அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு 3 விதை வீதம், அரை அங்குல ஆழத்தில் ஊன்றுக. முளைத்தபின் வலுவான கன்று ஒன்றை நிறுத்துக. முதற் கோடையில் கன்று வாடினால் மாத்திரம் நீர் விடலாம், அதன்பின் வேண்டுவதில்லை. நீர் தேங்கும் இடம் இதற்கு ஆகாது.

வெட்டுதல்: இரண்டாம் ஆண்டு முதல், தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டினால் செடி மீண்டும் துளிர்க்கும். ஓராண்டில் வரிசையில் பாதியை மட்டும் வெட்டி, மீதியைப் பூத்துக் காய்க்க விடுக. இளந்தழையாகவே வெட்டி, நடவுக்கு இரண்டு வாரம் முன்னர்ச் சேற்றில் மிதிக்கவேண்டும். முற்றிய குச்சி எளிதில் மக்காது.

புறம்போக்கில் உள்ள ஆவாரையை வேரோடு பிடுங்குவதைக் கிராம அலுவலர்கள் தடுத்தல் நலம். பொங்கற் காப்புக்குப் பூத் தேடி அயலூர் செல்லும் நிலை நேராதிருக்க, நிலமுடையோர் ஒவ்வொருவரும் வரும் மழைக்குள் ஒருபடி விதையேனும் சேர்த்து வைப்பாராக.